எழுத்துக்கு ஊதியம்

கோயில் கும்பாபிஷேகமோ, பள்ளிக்கூடத்தின் வெள்ளி விழாவோ, ஒரு சங்கத்தின் ஆண்டு நிறைவோ எது நடந்தாலும் அதன் நினைவாக மலர் ஒன்று வெளியிடுவது நம்மவர்களிடம் நெடுங்காலமாக உள்ள நல்ல வழக்கம். அந்த மலருக்குக் காகிதம் தந்த கடைக்காரருக்குப் பணம் உண்டு. பக்கங்களை அமைத்தவருக்கும், அச்சிட்டவருக்கும், பைண்டிங் செய்தவருக்கும், கட்டுகளை ஏற்றி வந்து இறக்கிய வண்டிக்காரருக்கும் பணம் உண்டு. எந்தக் கட்டுரைகளைத் தாங்கி வருவதற்காக இத்தனை காகிதமும் மையும் செலவாயினவோ, அந்தக் கட்டுரைகளைக் கண் விழித்து எழுதிக் கொடுத்தவருக்கு மாத்திரம் ஒரு பிரதியும், ஒரு நன்றிக் கடிதமும், மிஞ்சினால் மேடையில் ஒரு பொன்னாடையும் போதும் என்று எல்லோரும் மனமொப்பி நினைக்கிறார்கள். மலர் வெளியிடும் அன்பர்களுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அவர்களும் தங்கள் கைப்பொருளையும் நேரத்தையும் செலவிட்டே அந்தக் காரியத்தைச் செய்கிறார்கள். ஆனால் அதே மனோபாவம், ஆதாயத்துக்கென்றே நடைபெறும் பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் பரவி, எழுத்து என்பது கேட்டவுடன் இனாமாகக் கிடைக்க வேண்டிய வஸ்து என்ற எண்ணமாக நிலைத்துவிட்டதே என் கவலைக்குக் காரணம்.

எழுத்தாளருக்கும் பத்திரிகையாளருக்கும் ஊதியம் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு நியாயங்களைச் சொல்லுவார்கள். எழுத்து ஒரு தவம், அதைக் காசுக்கு விற்றால் அதன் புனிதம் கெடும் என்பது ஒன்று. பெயரும் புகழும் கிடைக்கிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சொல்லுகிறவர்கள் நம் பழைய மரபைத் துணைக்கு அழைப்பதும் உண்டு. கல்வியை விற்பது பாவம் என்று நம் முன்னோர் எண்ணியதாகவும், புலவர்கள் வறுமையையே ஆபரணமாக அணிந்து வாழ்ந்ததாகவும் அவர்கள் கூறுவார்கள். ஆயினும் மரபை உள்ளபடி பார்த்தால் அது வேறு விதமாகப் பேசுகிறது.

சங்க காலத்துப் புலவர் பாட்டுக்குப் பரிசில் பெற்றார், பெற்றதை ஒளிக்கவுமில்லை. பரிசில் பெற்று வருகிற பாணனோ பொருநனோ கூத்தனோ, எதிரே வறுமையோடு வருகிற மற்றொருவனிடம், இன்ன வள்ளலிடம் போ, உன் பசி தீரும் என்று வழிகாட்டுவதற்கென்றே ஆற்றுப்படை என்னும் ஒரு நூல்வகை தமிழில் ஏற்பட்டது. பட்டினப்பாலைக்குக் கரிகாலன் பதினாறு லட்சம் பொன் கொடுத்தான் என்று பிற்காலப் புலவர்கள் போற்றிச் சொன்னார்கள். தொகை மெய்யோ பொய்யோ, ஒரு பாட்டுக்கு அத்தனை மதிப்பு வைப்பதை இழிவென்று யாரும் கருதவில்லை என்பது அதிலிருந்து விளங்கும்.

பெருஞ்சித்திரனார் என்ற புலவரின் கதை இன்னும் ஆழமானது. தம் வீட்டில் தாயும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும் நிலையை வள்ளல் குமணனிடம் சற்றும் கூசாமல் பாட்டாகச் சொன்னவர் அவர். குமணன் கொடுத்ததைக் கொண்டுவந்து, என்னைக் கேட்க வேண்டாம், கேட்டவர்க்கெல்லாம் வாரிக் கொடு என்று மனைவியிடம் ஒப்படைத்தவரும் அவரே. அப்படிப்பட்டவர் அதியமானைத் தேடிப் போனபோது, அரசன் நேரில் காணாமலே பரிசிலை மட்டும் அனுப்பிவைத்தான். புலவர் அதை ஏற்கவில்லை. என் கல்வியின் அளவை அறிந்து, என்னைக் கண்டு, தினையளவு கொடுத்தாலும் அது எனக்கு இனிது; காணாமல் கொடுப்பதை வாங்கிப் போவதற்கு நான் பரிசிலை வாணிகமாகக் கொண்டவன் அல்லன் என்ற கருத்துப்படப் பாடிவிட்டு அவர் போனதைப் புறநானூறு காத்துவைத்திருக்கிறது. பொருள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வேலையின் தரத்தை அறிந்து, செய்தவரைக் கண்ணெடுத்துப் பார்த்து, மரியாதையோடு கொடுக்க வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் எழுதுகிறவர்களின் கோரிக்கை அதுவேதான்.

மன்னர்களுக்குப் பின் ஜமீன்தார்களும் மடாதிபதிகளும் புலவர்களை ஆதரித்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் திருவாவடுதுறை ஆதீனம் நிழலாக இருந்தது. ஊரார் பொருள் திரட்டித் தங்கள் தலத்துக்குப் புராணம் பாடுவித்ததும் அவருக்கு வருவாயாயிற்று. அப்படியிருந்தும் அந்தப் பெருங்கவிஞர் கடன் தொல்லையிலிருந்து விடுபடாமல் வாழ்ந்து 1876-ல் காலமானார் என்பதை அவருடைய மாணாக்கர் உ.வே.சாமிநாதையர் மனம் நைந்து எழுதியிருக்கிறார். ஐயர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, நூலுக்கு முன்கூட்டியே கையொப்பமிட்டவர்களை ஊரூராகத் திரட்ட வேண்டியிருந்தது. அரசனும் மடமும் தனி ஒருவராகத் தாங்கிய பாரத்தை, பெயர் தெரியாத பல வாசகர்கள் சிறுகச் சிறுகப் பகிர்ந்து தாங்கும் காலம் அப்போது உதயமாயிற்று. வாசகனே இனிப் புரவலன் என்ற நிலை அச்சு இயந்திரத்தோடு வந்தது. ஆனால் அந்த வாசகன் கொடுத்த காசு எழுதியவனின் கைக்குப் போய்ச் சேர்வதற்குரிய வழி சரியாக அமையவில்லை.

அமையாததால் நேர்ந்த துயரத்துக்குப் பாரதியாரைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 1904-ல் ஜி.சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தது முதல் அவருடைய ஜீவனம் பத்திரிகைத் தொழில்தான். கவிதை அதன் நிழலில் பிறந்தது. புதுச்சேரியில் அஞ்ஞாதவாசம் செய்த காலத்தில், இந்தியா பத்திரிகை 1910-ல் நின்றுபோனபின், அந்தக் குடும்பம் பட்ட கஷ்டம் யாவரும் அறிந்தது. 1920-ல் அவர் தம் நூல்களையெல்லாம் நாற்பது தொகுதிகளாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் பிரதிகள் அச்சிட்டு வெளியிட ஒரு திட்டம் தீட்டினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் விற்பனையாகும் என்று நம்பி, மூலதனத்துக்குக் கடன் தரும்படி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அந்தக் கணக்கைப் பித்துக்கொள்ளித்தனம் என்று அக்காலத்தில் சிலர் எண்ணியிருக்கலாம். பின்னாளில் அவருடைய கவிதைகள் விற்ற பிரதிகளை நினைத்துப் பார்த்தால், அவர் கணக்கில் பிழையே இல்லை என்றும், பலன் வந்து சேர்ந்த காலம்தான் பிசகிற்று என்றும் சொல்ல வேண்டும். 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

அதன் பிறகு நடந்ததுதான் நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்துவது. செல்லம்மாள் சிறிது காலம் தாமே கணவரின் நூல்களை வெளியிட்டுப் பார்த்தார். உரிமை பிறகு பாரதியின் தம்பி விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயத்துக்குப் போயிற்று. பாடல்களை இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் வழங்கும் உரிமையோ தனியாகப் பிரிந்து, ஒரு வணிகரிடம் விலைபோய், அவரிடமிருந்து படத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பச் செட்டியாரிடம் வந்தது. நாடெங்கும் பாடப்பட்ட பாட்டுக்களை ஒரு திரைப்படத்தில் பாடியதற்காக உரிமை வழக்கு எழும் நிலை வந்தபோது, தேசத்தின் கவிக்கு இப்படி ஒரு பூட்டா என்று எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் கிளர்ந்தார்கள். 1949-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, சென்னை அரசாங்கம் பாரதியின் எழுத்துக்களைப் பொதுவாக்க முன்வந்தது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைக் காசு பெறாமலே விட்டுக்கொடுத்தார். கவியின் மனைவிக்கும் மக்களுக்கும் அரசாங்கம் ஒரு தொகை கொடுத்தது. அரசாங்கம் செய்தது புண்ணிய காரியம். அதைத் தொடர்ந்து பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி, வாரிசுகளுக்கு உதவி வரும் வழக்கமும் தமிழ்நாட்டுக்கே உரிய சிறப்பு. என்றாலும், ஒருவர் உயிரோடு எழுதிக்கொண்டிருந்தபோது கிடைத்திருக்க வேண்டிய அரிசியின் விலை, அவர் போய் இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்து வீட்டுக்கு வருவதை நாம் நியாயம் என்று சொல்ல முடியுமா?

புதுமைப்பித்தனின் வாழ்க்கையும் இதே பாடத்தைத்தான் இன்னும் கசப்பாகச் சொல்லுகிறது. மணிக்கொடி போன்ற பத்திரிகைகளில் அவர் எழுதிய கதைகள் தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு புது யுகத்தைத் தந்தன. அந்தப் பத்திரிகைகளோ சன்மானம் கொடுக்கும் நிலையில் இல்லை. தினமணியில் உத்தியோகம் பார்த்தார், ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம் விலகியபோது தாமும் விலகினார். கடைசியில் ஜீவனத்துக்காகத் திரைப்படத் துறைக்குப் போய், ராஜமுக்தி படத்துக்கு எழுதுவதற்காகப் புனாவில் தங்கி, அங்கே க்ஷயரோகத்துக்கு ஆளாகி, 1948-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் நாற்பத்திரண்டாவது வயதில் உயிர் நீத்தார். நான் செத்த பிறகு நிதி திரட்டாதீர்கள் என்று அவர் தம் கவிதையொன்றில் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இறந்ததும் குடும்பத்துக்காக நிதி திரட்டவே வேண்டியிருந்தது. திரட்டிய நண்பர்கள் உத்தமர்கள், அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் தெருவில் நின்றிருக்கும். ஆயினும், நிதி வசூல் என்பது ஊதியத்துக்கு ஈடாகாது. ஊதியம் உரிமையாக வருவது. நிதி இரக்கத்தால் வருவது.

எல்லோரும் இப்படியே வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கல்கி ஆனந்த விகடனில் எழுதி அதன் வளர்ச்சிக்குத் தூணாக நின்றார். பிறகு 1941-ல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகையே தொடங்கினார். பொன்னியின் செல்வனை அவர் மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் எழுதியபோது, அந்த உழைப்பின் பலன் அவருடைய பத்திரிகையிலேயே தங்கிற்று. எழுத்து நன்றாக விற்கிறது என்பதையும், விற்கிற எழுத்தின் பலனை அடைய எழுத்தாளனே பத்திரிகைச் சொந்தக்காரனாக வேண்டியிருந்தது என்பதையும் அவருடைய வரலாறு ஒருங்கே காட்டுகிறது. ஆனால் பத்திரிகை நடத்துவது வேறொரு தொழில். எழுத வல்லவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் அந்தத் திறமை அமைவது அரிது.

மலையாள நாட்டு எழுத்தாளர்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட பரிகாரம் நம் கவனத்துக்கு உரியது. 1945-ல் கோட்டயத்தில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் கூடி, நூற்றிருபது ரூபாய் மூலதனத்தில், சாகித்ய பிரவர்த்தக கூட்டுறவு சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எம்.பி.பால் அதன் முதல் தலைவர். காரூர் நீலகண்டப் பிள்ளை செயலாளர். தகழியின் கதைகளே அவர்கள் வெளியிட்ட முதல் நூல். பதிப்பாளர்கள் வழக்கமாகப் பத்து சதவிகிதத்தைச் சுற்றியே ராயல்டி பேசிவந்த உலகில், அந்தச் சங்கம் முப்பது சதவிகிதம் கொடுத்தது. கேரளத்தில் எழுத்தாளர் என்றால் சமூகத்தில் ஒரு கௌரவமான ஸ்தானம் ஏற்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. படித்தவர் தொகையும் வாசகசாலைகளும் அவற்றுள் முக்கியமானவை. ஆனால் எழுதியவருக்குக் கணக்கு ஒப்புவித்துப் பணம் கொடுக்கும் ஒரு ஸ்தாபனம் இருந்ததும் ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது.

நம் பக்கத்தில் எழுத்தாளர்கள் கண்ட வழி வேறு. உத்தியோகம் ஒன்றைத் தேடிக்கொண்டு, மிஞ்சிய வேளையில் எழுதினார்கள். தி.ஜானகிராமன் வானொலியில் பணி புரிந்தார். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்ட பின் எழுத்தையே நம்பி வாழ்ந்த அசோகமித்திரன் போன்றவர்கள் மிகச் சிலரே. இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஜானகிராமனுக்கும் சுந்தர ராமசாமிக்கும் கெடுதல் இல்லாமல் இருக்கலாம்; தமிழுக்குக் கெடுதல் உண்டு. வேறிடத்தில் சோற்றுக்கு வழி உள்ளவர்கள் மாத்திரமே எழுத முடியும் என்ற நிலை இருக்குமானால், அன்றாடம் கூலிக்குப் போகிறவனும், அடுப்படியிலும் தொட்டிலடியிலும் நாள் முழுவதும் கழிக்கிற பெண்ணும் எழுத வரமாட்டார்கள். அவர்களுடைய வாழ்வைப் பற்றி, அதை வாழ்ந்தறியாத ஒருவர்தான் என்றும் எழுதிக்கொண்டிருப்பார். ஒரு கதைக்கு ஒரு வாரக் கூலி கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த ஒரு வாரத்தை அவர்கள் எழுத்துக்காக எடுத்துக்கொள்ள முடியும். புனிதம் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை. இனாம் எழுத்தின் முழுச் சுமையும் ஏழைமேல்தான் விழுகிறது.

பணம் வந்தால் தரம் கெடும் என்ற வாதத்திலும் சிறிது உண்மை இருக்கிறது. வாரப் பத்திரிகையின் தேவைக்காக, முடிய வேண்டிய தொடர்கதைகள் முடியாமல் இழுபட்டதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் கெடுதலுக்குக் காரணம் சன்மானம் தாராளமாக இருந்ததா, அற்பமாக இருந்ததா என்று விசாரித்தால் விடை தெளிவாகும். ஒரு கட்டுரைக்கு வருகிற தொகை நாலு நாள் கறிகாய்க்கும் போதாது என்றால், அதை நம்பி வாழ்கிறவர் மாதத்துக்கு இருபது கட்டுரை எழுதித் தீர வேண்டும். இருபது கட்டுரை எழுதுகிறவர் நூலகத்துக்குப் போய் ஒரு தேதியைச் சரிபார்க்கவும், எழுதியதைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதவும் எங்கே நேரம் காண்பார்? குறைந்த ஊதியம்தான் அவசர எழுத்தைப் பெருக்குகிறது.

இதுவரை இலக்கியத்தைப் பற்றிச் சொன்னேன். பத்திரிகையாளரின் ஊதியம் இதைவிடப் பெரிய விஷயம். ஏனென்றால் அங்கே நஷ்டப்படுகிறவர் எழுதுகிறவர் மட்டும் அல்லர், குடிமக்கள் அனைவருமே. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில் நம் நாட்டுத் தலைவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். 1952-ல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் முதலாவது பத்திரிகைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1954-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஆசிரியரை வேலையிலிருந்து நீக்க ஆறு மாத நோட்டீஸ், மற்றப் பத்திரிகையாளருக்கு மூன்று மாத நோட்டீஸ், நான்கு வாரங்களில் நூற்று நாற்பத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, ஊதியத்தை நிர்ணயிக்கச் சம்பளக் குழு என்றெல்லாம் அதில் விதிகள் இருந்தன. மற்றத் தொழிலாளருக்கு இல்லாத நீண்ட நோட்டீஸ் இவர்களுக்கு மட்டும் ஏன் என்றால், இன்று எழுதிய ஒரு வரிக்காக நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்பப்படலாம் என்ற பயத்தோடு இருப்பவர் உண்மையை எழுத மாட்டார் என்பதே அதன் நியாயம்.

சட்டம் வந்தாலும் சம்பளம் சுலபமாக வரவில்லை. முதலாவது சம்பளக் குழுவின் முடிவை, நிறுவனங்களின் சக்தியை அது கவனிக்கவில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 1958-ல் தள்ளிற்று. சட்டத்தைப் பெரும்பாலும் நிலைநிறுத்தியது. பாலேகர், பச்சாவத், மணிசானா என்று பின்னர் வந்த ஒவ்வொரு குழுவின் சிபாரிசுக்கும் தகராறு எழுந்தது. மஜீதியா குழுவின் சிபாரிசை அரசாங்கம் 2011-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவித்தது. பத்திரிகை முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஊர்ஜிதம் செய்து, பாக்கித் தொகையை ஓராண்டுக்குள் நான்கு தவணைகளில் கொடுக்கும்படி உத்தரவிட்டது. அப்போதும் பல நிறுவனங்கள் கொடாததால் அவமதிப்பு வழக்குகள் வந்தன. ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவர்களுக்கும் அந்தச் சிபாரிசு பொருந்தும் என்று 2017-ல் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தை, பொதுவான தொழில் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைத்துவிட 2020-ல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. ஊருக்கெல்லாம் நியாயம் கேட்டுத் தலையங்கம் எழுதும் ஸ்தாபனங்கள், தம் கூரையின் கீழ் இருப்பவர்களின் கூலிக்காக இத்தனை ஆண்டுகள் நீதிமன்ற வாசலில் நின்றது வருத்தத்துக்குரிய சரித்திரம்.

இந்தச் சட்டங்களின் நிழல்கூட எட்டாத ஒரு வர்க்கம் இருக்கிறது. தாலுகா நிருபர், பகுதிநேர நிருபர், ஸ்ட்ரிங்கர் என்று பல பெயரில் அழைக்கப்படும் அவர்கள்தாம் ஊர்ச் செய்தியின் வேர்கள். ஏரி உடைந்தாலும், பள்ளிக்கூடச் சுவர் இடிந்தாலும், ரேஷன் கடையில் அரிசி மாயமானாலும் முதலில் தம் சொந்த மோட்டார் சைக்கிளில், சொந்தப் பெட்ரோலில் அங்கே போய் நிற்பவர்கள் அவர்களே. அவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமான செய்தியின் அளவுக்கு ஒரு சிறு தொகை, அல்லது அடையாள அட்டையைத் தவிர ஒன்றுமே இல்லை. அதோடு விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதில் வரும் கமிஷனே ஜீவனம் என்ற ஏற்பாடும் பல இடங்களில் உண்டு. இதன் விளைவை யாரும் ஊகிக்கலாம். எந்தக் கல்குவாரிக்காரரிடம் பொங்கல் விளம்பரம் வாங்க வேண்டுமோ, அந்தக் குவாரியால் கிணறு வற்றியதை அதே நிருபர் எழுத முடியாது. கூட்டம் முடிந்ததும் கையில் திணிக்கப்படும் கவரை வாங்க மறுக்கும் உறுதி சிலருக்கு உண்டு. அத்தகையவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டாத நிலையில் ஒருவரை நிறுத்திவைத்துவிட்டு, அவர் கவரை மறுக்க வேண்டும் என்று உபதேசம் செய்ய, அவருக்குச் சம்பளம் கொடுக்காத நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பத்திரிகையாளருக்கு நாம் கொடாவிட்டால் அவர் ஊதியமில்லாமல் இருந்துவிடுவதில்லை. வேறு யாரோ கொடுக்கிறார்கள், கொடுத்தவருக்கே அவர் கடமைப்படுகிறார். 2009-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலின்போதும் அதையொட்டிய தேர்தல்களிலும், வேட்பாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு புகழுரையைச் செய்தியாகப் பல பத்திரிகைகள் வெளியிட்டது தெரியவந்து நாடே திடுக்கிட்டது, பி.சாய்நாத் போன்ற பத்திரிகையாளர்கள் அதை அம்பலப்படுத்தினார்கள். பிரஸ் கவுன்சில் ஒரு துணைக்குழுவை நியமித்து விசாரித்தது. காலையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் நாளிதழின் மிச்ச விலையை யார் செலுத்துகிறார்கள் என்ற கேள்வியை ஒவ்வொரு வாசகரும் கேட்டுக்கொள்ள வேண்டிய காரணம் இதுதான்.

சிற்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நான் அநியாயம் செய்தவனாவேன். சி.சு.செல்லப்பா 1959-ல் எழுத்து பத்திரிகையைத் தொடங்கி, கைநஷ்டப்பட்டு நடத்தினார். தாம் வெளியிட்ட புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அவருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் சன்மானம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது தர்மமும் அல்ல. ஆசிரியரும் பட்டினி, எழுதுகிறவரும் பட்டினி என்ற இடத்தில் நடப்பது ஒரு கூட்டு வேள்வி. அதில் இனாமாக எழுதுவது எழுத்தாளரின் உரிமை, அவருடைய பெருமையுங்கூட. விளம்பரத்தில் லட்சக்கணக்கில் வாங்கி, கட்டடம் கட்டி, ஊழியர் வைத்து நடத்தும் ஒரு நிறுவனம், எங்களிடம் உங்கள் பெயர் வெளிவருவதே உங்களுக்கு லாபம் என்று சொல்லும்போது அந்தப் பெருமையை அது களவாடுகிறது. கொடுக்க இயலாதவரையும் கொடுக்க மனமில்லாதவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

எழுதுகிறவர்களுக்குத் தங்கள் உரிமை இன்னதென்று தெரியாமலிருப்பதும் இந்த நிலைக்கு ஒரு காரணம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு எவ்வளவு அனுகூலமானது என்பதை நம்மில் பலர் அறியோம். எழுதியவரே படைப்பின் முதல் உரிமையாளர்; வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தவரின் கதை பத்திரிகையில் வந்துவிட்டதனால் மாத்திரம் அது பத்திரிகையின் சொத்தாகிவிடாது. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருப்பவர் எழுதியதிலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்குப் போகிறது. நூலாக்குவது முதலான மற்ற உரிமை எழுதியவரிடமே தங்குகிறது. உரிமையை ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எவ்வளவு தொகை என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கே அது செல்லும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக ஒப்புக்கொண்டிராத வரை, அது காலாவதியாகும். எழுதியவரின் ஆயுளுக்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. ஜாவேத் அக்தர் போன்ற பாடலாசிரியர்கள் பாடுபட்டதன் பயனாக, 2012-ல் வந்த திருத்தம் திரைப்பாடல் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதிசெய்தது. இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும், வாய்ப்பேச்சை நம்பி, ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வாழ்நாள் உழைப்பைக் கையளித்துவிட்டு, எத்தனை பிரதி விற்றது என்ற கணக்குகூடக் கிடைக்காமல் நிற்பவர்கள் பலர்.

நூலகங்களின் வழியாகவும் அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்ய முடியும். 1948-ல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கண்டது சென்னை மாகாணம்; நூலகமேதை ரங்கநாதனின் முயற்சி அதன் பின்னே இருந்தது; வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் இன்றளவும் செலுத்தி வருகிறோம். ஒரு நூலை நூலகம் வாங்கிவிட்டால், அதை ஆயிரம் பேர் படித்தாலும் எழுதியவருக்கு அந்த ஒரு பிரதியின் ராயல்டிதான். டென்மார்க் தேசம் 1946-லேயே, நூலகங்களில் உள்ள நூல்களுக்காக எழுத்தாளருக்கு ஆண்டுதோறும் தொகை கொடுக்கத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் எழுத்தாளர்கள் பல ஆண்டுகள் போராடி 1979-ல் அப்படியொரு சட்டம் பெற்றார்கள்; 1984-ல் முதல் தொகை வழங்கப்பட்டது. ஒவ்வொரு முறை நூல் இரவல் போகும்போதும் சில பென்னிகள். ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பும் உண்டு. அந்தப் பணம் வாசகரிடம் வசூலிக்கப்படுவதில்லை, அரசாங்கமே தருகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த முறை நடக்கிறது. இறந்த எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கி உலகுக்கு வழிகாட்டிய தமிழ்நாடு, உயிரோடு இருக்கிறவர்களுக்கு இதைச் செய்தால் அது இன்னும் பெரிய சிறப்பாகும்.

ஆசிரியர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது மிகச் சிறிய காரியம். கட்டுரை வேண்டும் என்று எழுதும் முதல் கடிதத்திலேயே, சன்மானம் எவ்வளவு, அது எந்த மாதம் கைக்கு வரும் என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதுங்கள். கொடுக்க இயலாத நிலை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதுகிறவர்கள் அதைக் கேட்பதற்குக் கூச வேண்டாம்.